ஒடுக்கை முதலில் கண்டவர்

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் தெரியாமல் கெட்டுப்போனவர்கள் எத்தனையோ பேர் என் கடைப் படியேறி வந்திருக்கிறார்கள். கண் நன்றாகத் தெரிந்ததால் கெட்டுப்போனவர் என் அத்தான் ஒருவர்தான். என் அக்காவின் கணவர். அவருக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டதும் நான்தான் என்பதால், இந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அத்தானுக்குக் கார் கம்பெனியில் வேலை. கார் கம்பெனி என்றதும் ஏசி அறை, டை, சுழல் நாற்காலி என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். வேறு ஒரு ஊரில், ஊருக்கும் வெளியே, கம்பி வேலி போட்ட பொட்டல் வெளி. தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்கள் பெரிய ட்ரெய்லர் லாரியில் இரண்டு அடுக்காக வரும். அவற்றை இறக்கி, சுற்றி வந்து பார்த்து, வரிசையாக நிறுத்திவைத்து, ஷோரூம்கள் கேட்கும்போது அனுப்ப வேண்டும். இறக்கிய ஒவ்வொரு காருக்கும் லாரிக்காரரின் சீட்டில் ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த யார்டில் அத்தானைத் தவிர ஒரு வாட்ச்மேனும், பிளாஸ்டிக் உறை கழற்றாத கார்களும் இருந்தன. பேச்சுத் துணை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வாட்ச்மேனுக்குக் காது மந்தம்.

அக்கா இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு அந்த ஊருக்கு மாற்றல் கொடுக்க மாட்டார்கள். அத்தானுக்கு இந்த ஊருக்குக் கொடுக்க மாட்டார்கள். மகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் மனிதர் ஒற்றை அறையில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளரோடு குப்பை கொட்டிக்கொண்டிருந்தார். லீவில் வருவார். வந்தால் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் குளிக்கப் போவார். மகள் எடுத்துக் கொடுப்பாள். அவருக்குத் துண்டு பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும்.

மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்துக்குப் போன சமயம், அதிசயமாக மாற்றல் உத்தரவு வந்தது. இதே ஊர் ஷோரூமுக்கு. அக்கா என் கடைக்கே வந்து சொன்னாள். அடுத்த வருஷம் பெண் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போவாளோ யார் கண்டது, இந்த ஒரு வருஷமாவது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம் என்றாள். அவள் அப்படி வாய்விட்டு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தானுக்குக் கண் தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு லாரி வந்தது. மேல் தட்டிலிருந்து இறக்கிய வெள்ளைக் காரின் பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஓர் ஒடுக்கு. கட்டைவிரலை வைத்தால் உட்காரும் அளவு. டிங்கரிங் கடையில் விட்டால் டீ ஆறுவதற்குள் தட்டி எடுத்துவிடுவார்கள். அத்தான் ஸ்டாம்பைக் குத்தினார். குத்தியவர் அதோடு விட்டாரா? பேனாவை எடுத்து அதற்குக் கீழே ‘பின் கதவில் ஒடுக்கு உள்ளது’ என்று எழுதினார். லாரிக்காரர் கெஞ்சியிருக்கிறார், தனக்காக இல்லை, அத்தானுக்காக. ஊர் ஊராகக் கார் இறக்குகிறேன், இந்த இடத்தில் பேனாவை எடுத்த ஆளை நான் பார்த்ததே இல்லை, வேண்டாம் சார் என்றாராம்.

அத்தான் இதைப் போனில் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“பாத்ததுதான் பாத்தீங்க, எதுக்கு அத்தான் எழுதினீங்க?”

“இருந்துச்சேப்பா,” என்றார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில், வழியில் அடிபட்ட காருக்கு நஷ்டஈடு கேட்டால் கவனிக்க, ‘போக்குவரத்துச் சேதக் கோரிக்கைப் பிரிவு’ என்று ஒன்று இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பெனிக்கே தெரியுமா என்பது சந்தேகம். எல்லா யார்டிலும் எல்லாக் கார்களும் நல்ல நிலையிலேயே பெறப்பட்டு வந்ததால், பிரிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரு கோரிக்கைகூட வந்ததில்லை. அத்தானுடையதுதான் முதல் போணி. தகவல் போன மறுநாளே கோரிக்கை அதிகாரி நேரில் வந்து இறங்கிவிட்டார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் புது டேப், உறை பிரிக்காத பூதக்கண்ணாடி. ஒடுக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை அத்தான் சொல்ல, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன்களுக்குத்தான் அப்படி மலரும் என்று அக்கா சொன்னாள்.

“நீங்க செஞ்சது சாதாரண காரியம் இல்ல சார்,” என்று அதிகாரி அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாராம். “சேதம் பண்றதுக்கு நாட்டுல ஆளுக்குப் பஞ்சமே இல்ல. அத நின்னு பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. பாக்க ஆள் இருந்தாத்தானே எங்களுக்கும் ஒரு மரியாதை?”

பிறகு விதியை வாசித்துக் காட்டினார். சேதமடைந்த கார் வந்த நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. சேதத்தை முதலில் கண்டவரும் கண்ட நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். கோரிக்கை முடியும்வரை அவர் பணியிடத்தை விட்டு நகரக் கூடாது. மாற்றல் கிடையாது, லீவு கிடையாது. ஒடுக்கு ஒரு சாட்சி, கண்டவர் இன்னொரு சாட்சி, இரண்டையும் பிரித்தால் கோரிக்கை நிற்காது. அத்தான் தன் மாற்றல் உத்தரவை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். சீக்கிரம் முடிந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார்.

காருக்கு மேலே தகரக் கொட்டகை போட்டார்கள். சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒடுக்கு இன்னும் இருக்கிறதா என்று அத்தான் தினமும் பார்த்து வைக்க வேண்டும். சாயங்காலம் அதிகாரி போன் செய்து இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்று இவர் சொல்ல வேண்டும். ஒடுக்கு எங்கே போகும்? அத்தான்தான் எங்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே.

சேதத்தை மதிப்பிட முதல் சர்வேயர் வந்து ஒடுக்கைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். வந்த நிலையிலேயே இருக்க வேண்டிய காரில் சாக்பீஸ் வட்டம் எப்படி வந்தது என்று விசாரிக்க இரண்டாவது சர்வேயர் வந்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நிபுணரை அழைத்து வந்தார்கள். அவர் காரைப் பார்க்கவே இல்லை, பாலிசியைத்தான் பார்த்தார்.

“கார் பயணத்துல இருக்கும்போது ஏற்படற சேதம்னு போட்டிருக்கு. இந்தக் கார் எங்க பயணம் பண்ணுச்சு? சக்கரம் ஒரு சுத்துகூட சுத்தல. பயணம் பண்ணது லாரி. கார் அது மேல சும்மா நின்னுட்டிருந்துச்சு.”

அப்படியானால் நின்ற இடத்தில் ஏற்பட்ட சேதம் என்றே எழுதி முடித்துவிடுங்களேன் என்று அத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு முடிந்தால் போதும்.

“எழுதலாம். ஆனா எந்த இடத்துல நின்னுச்சுன்னு எழுதறது? அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிட்டே இருந்துச்சே,” என்றார் நிபுணர்.

இதற்குள் இங்கே அரைப் பரீட்சை வந்துவிட்டது. ஆரம்பத்தில் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் ‘ஒடுக்கு எப்படிப்பா இருக்கு’ என்று, படுக்கையில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது மாதிரி விசாரிப்பாள். அத்தான் சிரிப்பார். அப்புறம் அவள் விசாரிப்பதை விட்டுவிட்டாள். அவருக்கும் சொல்ல வேறு விஷயம் இல்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பிறகு அவள் படிக்கணும்பா என்பாள், அவர் சரிம்மா என்பார்.

அடுத்தபடியாக அத்தானின் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள். ஒடுக்கைக் கண்ட கண் சரியான கண்தானா? நான் என் லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட் எழுதி அனுப்பினேன். மைத்துனன் பார்த்த பார்வை செல்லாது என்று திரும்பி வந்தது. கம்பெனி டாக்டரை யார்டுக்கே அனுப்பினார்கள். கண்ணாடி போட்டால் இவருக்குச் சராசரி மனிதரைவிட நன்றாகத் தெரிகிறது என்று அவர் எழுதிவிட்டார். போயிற்று. சராசரிக் கண்ணுக்குத் தெரியாத ஒடுக்கை ஒடுக்கு என்று சொல்லலாமா என்று ஒரு கேள்வி. ஒடுக்கைக் கண்டது இவரா, இவருடைய கண்ணாடியா என்று இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரியும்வரை கண்ணாடியைக் கழற்றி வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? அதே பவரில் வேறு ஒன்று செய்து கூரியரில் அனுப்பினேன். புதுக் கண்ணாடி போட்டால் சாட்சியின் நிலை மாறிவிடும் என்று அதிகாரி போடவிடவில்லை. அந்த வாரம் வீடியோ காலில் அத்தான் போனை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தார். மகள் முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை, கண்ணாடி கோப்பில் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது.

கடைசியாக ஒத்திகை நடத்தினார்கள். அதே மாதிரி லாரி, அதே சாலை, அதே மேல் தட்டு. ஒடுக்குக் காரை ஏற்றி, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு நல்ல காரையும் ஏற்றி, தொழிற்சாலைவரை போய்த் திரும்பினார்கள். ஒடுக்குக் கார் அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்கியது. நல்ல காருக்கு முன் விளக்கில் விரிசல் விட்டிருந்தது. சர்வேயர்கள் ஒடுக்கைப் பார்க்க வந்தவர்கள், விளக்கை ஏன் பார்க்கப் போகிறார்கள்? வாட்ச்மேன் பார்த்தான். பார்த்துவிட்டு அத்தானின் முகத்தைப் பார்த்தான். கண்ணாடி இல்லாமலே அத்தானுக்கு அந்த விரிசல் தெரிந்திருக்கிறது. ஸ்டாம்பை மட்டும் குத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“தேறிட்டீங்க அத்தான்,” என்றேன் போனில். அவர் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் இரண்டு நாளாகத் தன்னிடம் பேசவில்லை என்றார். அவன் எப்போது பேசினான் என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். கோரிக்கைப் பிரிவு மேல் மாடியில் இருந்தது. நீளமான ஹால். வரிசையாக மேசைகள், எல்லாவற்றின் மேலும் தூசிக்குத் துணி போர்த்தியிருந்தது. கடைசி மேசையில் மட்டும் ஒரு ஆள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மேசைமேல் ஒரே ஒரு கோப்பு. அதன் மேல் என் அத்தானின் கண்ணாடி.

அத்தானுக்கு ஒரு பெண் இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாளில் படிப்பு முடித்து வெளியூர் போய்விடுவாள், அதற்குள் அவரை விட்டுவிடுங்கள் என்றேன். எப்போதுதான் முடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“முடிக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு சார்,” என்றார் நிதானமாக. “பணம் கொடுத்து முடிச்சா, எதுக்குக் கொடுத்தேன்னு கேப்பாங்க. கொடுக்காம முடிச்சா, இதுக்கா இவ்ளோ நாள்னு கேப்பாங்க. பரிசீலனையில இருக்குன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதான் நல்ல நிர்வாகம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலைக் கையால் சுட்டிக் காட்டினார்.

“இங்கெல்லாம் ஆள் இருந்தாங்க சார். ஒரு கோரிக்கைகூட வரலன்னு ஒவ்வொருத்தரா வேற பிரிவுக்குப் போயிட்டாங்க. அடுத்தது நான்தான்னு இருந்தேன். அப்பதான் உங்க அத்தான் எழுதினாரு. சாயங்காலம் போன் பண்ணா உடனே எடுப்பாரு. ஒடுக்கு இருக்கான்னு நான் கேப்பேன். இருக்குன்னு சொல்லிட்டு, சாப்டீங்களான்னு கேப்பாரு. என்ன வேற யார் சார் கேக்கறா?”

கேட்க வந்த நாலு வார்த்தையும் டீயோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மறுபடியும் கோபம் வந்தது. துணை வேண்டுமென்றால் மனிதர் ஒரு நாயை வளர்க்கட்டுமே, என் அக்கா புருஷன்தானா கிடைத்தார்? வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா டூட்டிக்குப் போக யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “அவங்க ரெண்டு பேருக்காவது பேச ஆள் இருக்கு,” என்றாள்.

மகள் பரீட்சை எழுதினாள். நல்ல மார்க் வாங்கினாள். ரயிலில் போனால் ஒரு முழு நாள் ஆகும் ஊரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெட்டி, படுக்கை, பக்கெட்டு எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் கிளம்ப வேண்டிய வாரத்தில் கோரிக்கை முடிந்தது.

எப்படி முடிந்தது என்றால், அந்த மாடலையே கார் கம்பெனி நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் வேறு மாடல் வந்துவிட்டது. உத்தரவு இப்படி இருந்தது: ‘பாலிசி புதிய கார்களுக்கு மட்டுமே பொருந்தும். மேற்படி கார் நீண்ட காலம் கொட்டகையில் இருந்து பழைய மாடலாகிவிட்டபடியால் புதிய கார் என்ற வரையறைக்குள் வரவில்லை. பழைய காரில் ஒடுக்கு இருப்பது இயல்பே. எனவே சேதம் எதுவும் ஏற்படவில்லை எனத் தீர்மானித்துக் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது.’ முதலில் கண்டவர் மாற்றலில் செல்லலாம் என்று கீழே ஒரு வரி. கண்ணாடியும் கூரியரில் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் அதிகாரி கடைசி முறையாகப் போன் செய்தாராம். தன்னைத் தீ விபத்துப் பிரிவுக்குப் போடுகிறார்கள், அங்கே ஒரே கூட்டம் என்று சொன்னாராம். ‘நல்ல கோரிக்கை சார் அது’ என்றாராம்.

அத்தான் வந்து இறங்கினார். மறுநாள் காலை மகளுக்கு ரயில். சாயங்காலம் அவளுடைய பெட்டிகளை எடுத்துப்போக நான் வீட்டுக்குப் போனேன். அக்கா டூட்டியில் இருந்தாள். மகள் அப்பாவை அறை அறையாக அழைத்துக்கொண்டுபோய் வீட்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

“இந்த சுவிட்ச தொடாதீங்கப்பா, ஷாக் அடிக்கும். பாத்ரூம் குழாய இறுக்கி மூடக் கூடாது, இறுக்கினா ஒழுகும். பால்காரருக்கு நீங்க யாருன்னு தெரியாது, அப்பான்னு சொல்லிடுங்க. அம்மா நைட் டூட்டி முடிச்சு வந்தா உடனே பேச்சுக் கொடுக்காதீங்க. பசிக்கலன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. தட்டு வச்சுட்டு நீங்க அந்தப் பக்கம் போயிடணும். நின்னு பாத்தா சாப்பிட மாட்டாங்க.”

அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தட்டை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். அவள் காட்டினாள். கடைசியில் அவளுடைய அறைக்கு வந்தார்கள். அலமாரி காலியாக இருந்தது, இனி உங்கள் துணிகளை இதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உனக்கு?” என்றார்.

“எனக்கு என்னப்பா, நான்தான் ஹாஸ்டலுக்குப் போறேனே.”

“அதில்லம்மா. அம்மாவுக்கு என்னென்ன வேணும்னு சொல்லிட்ட. உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன்.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டேன்.

“லீவுக்கு வரும்போது சொல்றேன்பா,” என்றாள்.

அத்தான் சரிம்மா என்றார். அவள் முகம் கழுவப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கல்லூரியில் முதல் லீவு எப்போது விடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.